78 குதிரைத்திறன் போதுமா? ஈசூனுக்கும் துவாசுக்கும் இடையில் ஓர் அட்ராஜ்

என்னுடைய மிட்சுபிஷி அட்ராஜ் காரைப் பற்றி விசாரிப்பவர்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் கேள்விகளைக் கேட்கிறார்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கிடைக்கிறது, பட்டறைச் செலவு எவ்வளவு ஆகிறது என்றெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, என் மனம் புண்பட்டுவிடுமோ என்ற தயக்கத்துடன் குரலைச் சற்றுத் தாழ்த்தி, “சரி, பிக்கப் எப்படி? இழுக்குமா?” என்பார்கள். முதல் இரண்டு கேள்விகளுக்கும் என்னிடம் பெருமையான பதில் உண்டு. மூன்றாவதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாததால்தான் இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்தேன்.

2017-இல் பதிவான இந்தக் காரை 2021-இல் இரண்டாம் கையாக வாங்கினேன். வீடு சிங்கப்பூரின் வடக்கே ஈசூனில், வேலை மேற்குக் கோடியில் துவாசில்; போகவர நாளொன்றுக்கு எழுபது கிலோமீட்டர். வார இறுதிகளில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என ஐந்து பேரும் இதில்தான் தேக்காவுக்கும் (லிட்டில் இந்தியா) சொந்தக்காரர்கள் வீடுகளுக்கும் போய்வருகிறோம். ஆண்டுக்கு இரண்டு முறையாவது மலேசியாவுக்கும் இதே கார்தான். என் கையில் ஓடிய தூரம் 85,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது என்பதால், காட்சிக்கூடத்தில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதும் கருத்தாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் தாளில் உள்ள கணக்கு. 1,193 சிசி கொள்ளளவு, மூன்று சிலிண்டர், டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தரும் கருவி) கிடையாது. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் 78 குதிரைத்திறன், 4,000 சுற்றில் 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. எடை ஒரு டன்னுக்குக் குறைவு. கியர் பெட்டி சிவிடி வகை. அதாவது படிப்படியான கியர்கள் இல்லாமல், விட்டம் மாறும் இரண்டு கப்பிகளுக்கிடையே எஃகு வார் ஓடும் அமைப்பு. இந்த எண்களைப் பார்த்ததும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும்: இந்த எஞ்சின் இவ்வளவு சிறிதாக இருப்பதற்குக் காரணம் சிங்கப்பூரில் இல்லை, தாய்லாந்தில் இருக்கிறது. தாய்லாந்து அரசாங்கம் 2007-இல் கொண்டுவந்த சிக்கனக் கார்த் திட்டத்தில் வரிச்சலுகை பெற வேண்டுமானால், பெட்ரோல் எஞ்சின் 1,300 சிசிக்கு மிகாமல் இருக்க வேண்டும், 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டருக்கு மேல் எரிபொருள் செலவாகக் கூடாது என்று நிபந்தனைகள் இருந்தன. லேம் சபாங் தொழிற்சாலையில் 2013-இல் தயாராகத் தொடங்கிய அட்ராஜ் அந்த நிபந்தனைகளுக்குள் வார்க்கப்பட்ட கார். குறைந்த எடையும் குறைந்த எரிபொருளும்தான் அதன் பிறவிக் குணம்; சக்தி என்பது மீதியிருந்த இடத்தில் வைக்கப்பட்டது.

சிங்கப்பூருக்கு வந்ததும் இந்தக் கணக்கு விசித்திரமாக மாறிவிடுகிறது. இங்கு கார் வைத்திருக்க, பத்தாண்டுக்கான வாகன உரிமைச் சான்றிதழை (சிஓஇ) ஏலத்தில் எடுக்க வேண்டும். சிறிய கார்களுக்கான ‘ஏ’ பிரிவுச் சான்றிதழுக்கு 1,600 சிசி, 130 குதிரைத்திறன் என்பதே பெட்ரோல் கார்களுக்கான உச்சவரம்பு. 78 குதிரைத்திறன் உள்ள கார் வாங்கினாலும், 130 உள்ளதை வாங்கினாலும், ஏலத்தில் கட்டும் சிஓஇ கட்டணம் ஒன்றுதான். 2023 அக்டோபரில் அந்தக் கட்டணம் மட்டுமே 106,000 வெள்ளியைத் தொட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி இந்த ஊர்க் கார்ச் சந்தைக்காகவே பிறந்ததோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சுமைகூலி எப்படியும் கட்டத்தான் போகிறோம், சுண்டைக்காயைக் கொஞ்சம் பெரிதாக வாங்கினால் என்ன என்று கேட்பவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. நான் இரண்டாம் கையாக வாங்கியதற்கும் அதுவே காரணம். மற்றபடி சாலை வரியில் இந்தக் கார் ஆண்டுக்கு 500 வெள்ளியை ஒட்டி நிற்கிறது, 1.6 லிட்டர் காருக்கு அது ஏறத்தாழ 740 வெள்ளி. வித்தியாசம் மாதத்துக்கு 20 வெள்ளி. அதற்காக மட்டும் யாரும் சிறிய எஞ்சினைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

இனி ஓட்டும் விஷயத்துக்கு வருகிறேன்.

காலை ஆறரைக்கு எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி கார் நிறுத்துமிடத்தின் ஐந்தாம் தளத்திலிருந்து இறங்குவதில் எந்தக் காருக்கும் சிரமம் இருக்காது. சோதனை மாலையில் ஏறும்போதுதான். திருகுபோல் சுற்றிச் செல்லும் சரிவுப் பாதை. முன்னால் ஒருவர் இடம் தேடிக்கொண்டு ஒவ்வொரு தளத்திலும் நின்று நின்று போவார். குளிரூட்டி முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பின்னிருக்கையில் மூன்று பேர், டிக்கியில் ஒரு வாரத்துக்கான அரிசியும் மளிகையும். அந்தச் சரிவின் நடுவில் நின்றுவிட்டு மறுபடி கிளம்பும்போது, பெடலில் லேசாகக் கால் வைத்தால் அட்ராஜ் ஒரு கணம் யோசிக்கும். எஞ்சின் 2,500 சுற்றுக்கு ஏறி உறுமிய பிறகுதான் சக்கரம் நகரும். நகர்ந்துவிட்டால் பிறகு தடையில்லை. நான்காண்டுகளில் ஒரு முறைகூட ஏற முடியாமல் திணறியதில்லை. ஆனால் பெரிய எஞ்சின் உள்ள காரிலிருந்து இதற்கு மாறுபவர்கள் முதல் வாரம் அந்த ஒரு கணத்தைப் பார்த்துப் பயந்துபோவார்கள் என்பது உறுதி. சிவப்பு விளக்கில் நிற்கும்போது மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கே உரிய மெல்லிய அதிர்வு இருக்கையின் வழியாகத் தெரியும். அம்மா அதை “வண்டிக்குக் குளிருது” என்பார். அதற்கும் சக்திக்கும் தொடர்பில்லை. அதனால் அதைப் பற்றி மேலே எழுதப் போவதில்லை.

ஊருக்குள், அதாவது 50, 60 கிலோமீட்டர் வரம்புள்ள சாலைகளில், சக்தி போதுமா என்ற கேள்விக்கே இடமில்லை. பச்சை விளக்கு விழுந்ததும் மற்ற கார்களோடு சேர்ந்தே கிளம்புகிறது. பேருந்து நிறுத்தத்திலிருந்து வெளிவரும் பேருந்துக்கு வழிவிட்டு நின்று கிளம்பினாலும் பின்னால் வருபவர் ஹார்ன் அடிக்கும் நிலை வருவதில்லை. பள்ளி வட்டாரங்களிலும் முதியோர் நடமாடும் வட்டாரங்களிலும் 40-க்குக் குறைவாகவே போக வேண்டியிருக்கும் ஊரில், 200 குதிரைத்திறன் உள்ள காரும் என்னோடு சேர்ந்துதான் அடுத்த விளக்கில் நிற்கிறது. கார் சின்னது, வளைவும் குறுகலாக எடுக்கும் என்பதால் தேக்காவின் பின்சந்துகளில் எனக்குத்தான் வசதி.

விரைவுச்சாலையில் கதை இரண்டாகப் பிரிகிறது. வேகத்தைத் தக்கவைப்பது ஒன்று. வேகத்தைக் கூட்டுவது வேறொன்று. இந்த அளவுள்ள ஒரு கார் சமதளத்தில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடுவதற்கு, காற்றின் எதிர்ப்பையும் சக்கர உராய்வையும் சமாளிக்க, ஏறத்தாழ 10 கிலோவாட், அதாவது 13 அல்லது 14 குதிரைத்திறன் போதும். சிங்கப்பூரின் எந்த விரைவுச்சாலையிலும் 90-க்கு மேல் போக அனுமதியில்லை. ஆகவே சிலேத்தார், புக்கிட் தீமா, கிராஞ்சி, தீவு விரைவுச்சாலைகளைக் கடந்து துவாஸ் போகும் என் காலைப் பயணத்தில், எஞ்சினின் திறனில் ஐந்தில் நான்கு பங்கு பெரும்பாலான நேரம் சும்மாவே இருக்கிறது. 2,000 சுற்றை ஒட்டி அமைதியாக ஓடுகிறது. பேச்சுச் சத்தத்துக்கு மேல் வானொலியை வைக்க வேண்டியதில்லை. லிட்டருக்கு 17, 18 கிலோமீட்டர் தருவதும் இதனால்தான்.

வேகத்தைக் கூட்ட வேண்டிய இடத்தில்தான் எண்கள் தம் வேலையைக் காட்டுகின்றன. 78 குதிரைத்திறன் என்பது 6,000 சுற்றில் கிடைப்பது. 2,000 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும்போது பெடலைத் தரையோடு அழுத்தினாலும், அந்தக் கணத்தில் இந்த எஞ்சினால் 30 குதிரைத்திறனைக்கூடத் தர முடியாது. முறுக்குவிசை 100 நியூட்டன் மீட்டரைத் தாண்டாது என்னும்போது அதையும் சுற்று வேகத்தையும் பெருக்கிப் பார்த்தால் யாருக்கும் விடை கிடைத்துவிடும். மீதித் திறனைப் பெற, சிவிடி பெட்டி கப்பிகளின் விட்டத்தை மாற்றி எஞ்சினை 5,000 சுற்றுக்கு மேல் கொண்டுபோக வேண்டும். அதற்கு ஒன்றிலிருந்து ஒன்றரை நொடி பிடிக்கிறது. டர்போ பொருத்திய சிறிய எஞ்சின்களோடு ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் துலக்கமாகத் தெரியும். ஃபோக்ஸ்வாகன் போலோவின் ஒரு லிட்டர் டர்போ எஞ்சினுக்கு உச்சத்திறன் 95-தான். தாளில் பார்த்தால் அட்ராஜைவிட 17 அதிகம், அவ்வளவே. ஆனால் அது 2,000 சுற்றிலேயே 175 நியூட்டன் மீட்டரைத் தந்துவிடுவதால், அந்தச் சுற்றில் ஏறத்தாழ 50 குதிரைத்திறன் கையில் இருக்கிறது. சாலையில் நாம் உணர்வது அந்த 50-க்கும் 30-க்கும் உள்ள இடைவெளியைத்தான். காரின் விளம்பரத் தாளில் உச்சத்திறனை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

இந்த ஒன்றரை நொடியின் பொருள் என்னவென்று எனக்குப் புரிந்தது, வாங்கிய மூன்றாவது மாதத்தில். அக்காவின் குடும்பத்தை அழைத்துவரச் சாங்கி விமான நிலையத்துக்குப் போய்விட்டு, ஐந்து பேரும் மூன்று பெட்டிகளுமாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல மழை. விரைவுச்சாலையில் சேரும் இணைப்புச்சாலையின் வளைவை 45-இல் எடுத்து, அதே வேகத்தில் மெதுவாகப் போய், முடியும் இடத்துக்கு வந்த பிறகுதான் வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு லாரியின் முகப்பு விளக்குகள் கண்ணாடி முழுவதையும் நிறைத்திருந்தன. லாரிக்கு முன்னால் நுழைந்துவிடலாம் என்று நினைத்துப் பெடலை அழுத்தினேன். முதலில் சத்தம் வந்தது. வேகம் வரவில்லை. பெரியதொரு மிக்சியில் கடலை மாவு அரைப்பதுபோல எஞ்சின் ஒரே சுரத்தில் கத்திக்கொண்டிருக்க, வேகமுள் 50, 55 என்று சாவகாசமாக நகர்ந்துகொண்டிருந்தது. அக்கா மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். லாரி ஓட்டுநர் நல்லவர், வேகத்தைக் குறைத்து வழிவிட்டார். அந்த இரவு எஞ்சினைத் திட்டிக்கொண்டேதான் வீடு வந்து சேர்ந்தேன். இரண்டு நாள் கழித்து யோசித்தபோதுதான் தவறு முழுக்க என்னுடையது என்று தெரிந்தது. இணைப்புச்சாலையின் முழு நீளத்தையும் வீணாக்கிவிட்டு, கடைசி முப்பது மீட்டரில் அற்புதம் எதிர்பார்த்தால் 130 குதிரைத்திறன் உள்ள காரும் வியர்க்கத்தான் செய்யும்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு அதிகாலையில், சாலை வெறிச்சோடிக் கிடந்தபோது, என் மகனைப் பின்னிருக்கையில் கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரத்தோடு உட்காரவைத்து கிராஞ்சி விரைவுச்சாலையில் அளந்து பார்த்தோம். 60-இலிருந்து 90-க்கு வர, நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது ஆறரை நொடியிலிருந்து ஏழு நொடி. அடுத்த வாரம் ஐந்து பேரும் பெட்டிகளும் குளிரூட்டியும் சேர்ந்தபோது அதே வேலைக்கு ஒன்பது நொடிக்குமேல் பிடித்தது. இரண்டரை நொடி வித்தியாசம் கேட்பதற்குச் சிறிதாக இருக்கும். ஆனால் அந்த வேகத்தில் அதற்குள் கார் 50 மீட்டருக்குமேல் போய்விடுகிறது. நான்கு ஒற்றைத்தளப் பேருந்துகளை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம் அது. ஆகவே பாரம் ஏற்றிய அட்ராஜை ஓட்டுபவர், நான்கு பேருந்து நீளத்துக்கு முன்னதாகவே முடிவெடுத்துவிட வேண்டும். நான் இப்போது செய்வது இதுதான்: வளைவு முடிந்து சாலை நிமிர்ந்தவுடனேயே பெடலை முக்கால் பங்கு அழுத்திவிடுகிறேன். எஞ்சின் சத்தம் ஏறும், ஏறட்டும். விரைவுச்சாலை கண்ணில் படும்போது 75-க்கு மேல் வந்துவிட்டிருக்கும். இடக்கோடித் தடத்தில் வரும் கனரக லாரிகளுக்கு 60-தான் உச்சவரம்பு என்பதால், அந்த வேகத்தில் வருபவருக்கு நுழைய இடம் தானாகவே அமைந்துவிடுகிறது. இந்தப் பழக்கம் வந்த பிறகு, மூன்றாண்டுகளுக்கு மேலாக, விரைவுச்சாலையில் நுழையும்போது நான் பதறியதே இல்லை.

சத்தத்தைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘இழுக்கவில்லை’ என்று சொல்பவர்களில் பாதிப் பேர் ஏமாந்துபோவது காதால்தான். வழக்கமான கியர் உள்ள காரில் வேகம் கூடக்கூட எஞ்சின் சுரம் ஏறி, கியர் மாறும்போது இறங்கி, மறுபடி ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தையே நம் காது வேகம் என்று கற்றுவைத்திருக்கிறது. சிவிடியில் எஞ்சின் ஒரே சுரத்தில் நின்றுகொள்ள, கார் மட்டும் வேகமெடுக்கிறது. காதுக்கு எதுவும் நடக்காததுபோல் இருக்கும். முள்ளைப் பார்த்தால் 80 காட்டும். என் மனைவி இதை வேறு விதமாகச் சொன்னார்: “வண்டி கத்துறப்ப நீங்க காலை எடுத்துடுறீங்க, அதனாலதான் போகல.” உண்மைதான். சத்தம் கேட்டதும் எஞ்சினுக்கு வலிக்கிறதோ என்று இரக்கப்பட்டுக் காலைத் தளர்த்திவிடுவது எனக்கு மட்டும் உள்ள பழக்கமில்லை. 6,000 சுற்று என்பது இந்த எஞ்சினுக்காக வகுக்கப்பட்ட வேலை எல்லைக்குள்தான் இருக்கிறது. அவசியம் வரும்போது பத்து நொடிக்கு அங்கே ஓடவிடுவதால் எந்தக் கேடும் இல்லை.

ஒரு மாதத்துக்குமுன், என்னோடு வேலைசெய்யும் தம்பி ஒருவரின் டொயோட்டா வியோசை ஒரு நாள் மாற்றி ஓட்டினேன். 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர், 107 குதிரைத்திறன், 140 நியூட்டன் மீட்டர். காலையில் தனியாக ஓட்டிப்போனபோது, நேர்மையாகச் சொல்வதென்றால், நேரக் கணக்கில் எந்த வித்தியாசமும் இல்லை. இரண்டு கார்களும் துவாசை அடைய எடுத்தது அதே நாற்பது நிமிடம்தான். ஆனால் தடம் மாறும்போது கால் அழுத்த வேண்டிய ஆழம் குறைவாக இருந்தது. எஞ்சின் குரலை உயர்த்தாமலே காரியம் நடந்தது. அவசரமில்லாத சக்தி என்று அதைச் சொல்லலாம். என் காரை ஓட்டிய தம்பியோ மாலையில் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, “அண்ணே, இதுல நான் ஓட்டுறத விட யோசிக்கிறதுதான் அதிகம்” என்றார். அதைவிடச் சரியாக இந்தக் காரை யாரும் வருணித்ததில்லை.

குளிரூட்டி இதில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்று பலர் கேட்பார்கள். நம் ஊர் வெயிலில் கம்ப்ரசர் மூன்று, நான்கு குதிரைத்திறனைத் தின்றுவிடும். 150 குதிரைத்திறன் உள்ள காரில் அது தெரியாது. 2,000 சுற்றில் முப்பதுகூட இல்லாத எஞ்சினில் அது பத்தில் ஒரு பங்கு. நண்பகலில் வெயிலில் நின்ற காரைக் கிளப்பும் முதல் பத்து நிமிடம் அட்ராஜ் சற்று மந்தமாகத் தோன்றுவது இதனால்தான். உள்ளே குளிர்ந்து கம்ப்ரசர் ஓய்ந்ததும் சுறுசுறுப்பு திரும்பிவிடும். கதவுகளைத் திறந்து வெப்பக் காற்றை ஒரு நிமிடம் வெளியேற்றிவிட்டுக் கிளம்பினால் அந்த மந்தமும் பாதியாகக் குறையும்.

மலேசியப் பயணங்களை இந்தக் காரின் ஆண்டிறுதித் தேர்வு எனலாம். துவாஸ் இரண்டாம் இணைப்புப் பாலத்தைக் கடந்து வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறியதும் வரம்பு 110 ஆகிவிடுகிறது. 110-இல் ஓடுவதற்கு எந்தச் சிரமமும் இல்லை. சத்தம் சற்றுக் கூடும், லிட்டருக்கு 15 கிலோமீட்டராகக் குறையும். சிரமம் எங்கே வருகிறதென்றால், 90-இல் போகும் ஒரு விரைவுப் பேருந்தை 110-க்குள் முந்த வேண்டும் என்னும்போது. 60-இலிருந்து 90-க்கு ஒன்பது நொடி எடுக்கும் கார் 90-இலிருந்து 110-க்கு அதற்குக் குறையாத நேரம் எடுக்கிறது. வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பு வளர்ந்து, மிச்சமிருக்கும் திறனைத் தின்றுவிடுவதே காரணம். நெடுஞ்சாலையில் எதிரே வண்டி வராது என்பதால் ஆபத்தில்லை. பின்னால் விளக்கடித்துக்கொண்டு வருபவரின் பொறுமைதான் சோதிக்கப்படுகிறது. நான் பேருந்தை நெருங்குவதற்கு முன்பே, இன்னும் நூறு மீட்டர் இருக்கும்போதே வேகத்தைக் கூட்டிக்கொண்டு வலத்தடத்துக்குப் போய்விடுகிறேன். இடம் கிடைக்காவிட்டால் பேருந்தின் பின்னாலேயே இருந்துவிடுகிறேன். கோலாலம்பூருக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனால் பத்துமலை முருகன் ஒன்றும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

கெந்திங் மலை மட்டும் தனி அத்தியாயம். கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா வரை நீண்ட ஏற்றம். அதற்குமேல் மலைப்பாதை இன்னும் செங்குத்து. ஐந்து பேரோடு அந்தப் பாதையில் நாங்கள் ஏறியபோது, செங்குத்தான திருப்பங்களில் 40-ஐத் தாண்ட முடியவில்லை. எஞ்சின் பெரும்பாலான நேரம் 4,000-க்கு மேலேயே இருந்தது. மலையுச்சி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட 15 விழுக்காட்டுக்குமேல் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் உள்ளே இழுக்கும் காற்றும் அதே அளவு குறையும் என்பதால், அடிவாரத்தில் 78 இருந்த இடத்தில் உச்சியில் 65-தான் மிஞ்சுகிறது. சிறிய எஞ்சினுக்கு அது பெரிய இழப்பு. நான் குளிரூட்டியை நிறுத்திவிட்டு ஜன்னல்களை இறக்கினேன். எப்படியும் மலைக்காற்று குளிராகத்தான் இருந்தது, பிள்ளைகளுக்கும் மகிழ்ச்சி. வெப்பநிலை எச்சரிக்கை விளக்கு ஒரு முறைகூட எரியவில்லை. முன்னால் ஒரு சுற்றுலாப் பேருந்து போய்க்கொண்டிருந்தது. அதை முந்த வேண்டும் என்ற எண்ணத்தை இரண்டாவது வளைவிலேயே கைவிட்டுவிட்டேன். ஏறிவிட்டோம், அவ்வளவுதான், ஏறியதை ரசித்தோம் என்று சொல்ல மாட்டேன். இறங்கும்போது கியர் நெம்பைக் கீழ்நிலைக்குத் தள்ளி எஞ்சினையே தடுப்பாகப் பயன்படுத்த வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது எந்தக் காருக்கும் நல்லதில்லை, சிறிய பிரேக்குள்ள காருக்கு அறவே கூடாது.

இந்த நான்காண்டுகளில் காரின் சக்தி குறைந்துவிட்டதா என்று அண்மையில் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. சனிக்கிழமைகளில் முன்புபோல் கிளம்பவில்லை என்று தோன்றியது. காற்று வடிகட்டியை மாற்றினேன், ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினேன், சிவிடி எண்ணெயையும் மாற்றினேன். பட்டறைக்காரர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். பிறகுதான் உறைத்தது: வாங்கியபோது மகனும் மகளும் சேர்ந்து 75 கிலோ இருந்திருப்பார்கள், இப்போது இருவரும் சேர்ந்து 120-ஐத் தாண்டிவிட்டார்கள். 78 குதிரைத்திறன் உள்ள காரில் அந்த 45 கிலோ தெரியத்தான் செய்யும். சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு இந்த வகைக் காரை வாங்குபவர்கள், சிஓஇ பத்தாண்டு என்பதையும் பிள்ளைகள் பத்தாண்டில் என்ன எடை இருப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். யாரும் இதைச் சொல்வதில்லை.

ஆக, யாருக்கு இது போதும்? தனியாகவோ இருவராகவோ வேலைக்குப் போய்வருபவருக்கு, மின்னியல் சாலைக் கட்டண வளைவுகளின்கீழ் ஊர்ந்து நகரும் மாலை நெரிசலில் பாதி வாழ்நாளைக் கழிப்பவருக்கு, மாதச் செலவைச் சில்லறைவரை எண்ணிப் பார்ப்பவருக்கு, தாராளமாகப் போதும். எஞ்சினில் மிச்சம்கூட இருக்கும். தனியார் வாடகைக் கார் ஓட்டுபவருக்கு, பயணிகள் பெட்டிகளோடு ஏறும் நாட்களில் சற்றுக் குறைவாகப் படும். ஆனால் எண்ணெய்ச் செலவில் அதை ஈடுகட்டிவிடலாம். ஒவ்வொரு வாரமும் ஐந்து பேரோடு ஓடுபவருக்கும், மாதந்தோறும் மலேசியா போகிறவருக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் 1.5 லிட்டரோ சிறிய டர்போவோ பார்ப்பது நல்லது. மின்சாரக் கார்களுக்கு ‘ஏ’ பிரிவின் வரம்பு 2022 மே மாதத்திலிருந்து 110 கிலோவாட்டாக உயர்த்தப்பட்டதால், அதே சிஓஇ கட்டணத்தில் என் காரைப்போல் இரு மடங்குக்கு அருகில் திறனுள்ள, பெடலைத் தொட்டதும் முறுக்குவிசை முழுவதையும் தரும் கார்கள் இப்போது கிடைக்கின்றன. வீட்டுக்குக் கீழே மின்னூட்டும் வசதி உள்ளவர்கள் அவற்றைப் பார்க்காமல் 1.2 லிட்டர் பெட்ரோல் காருக்குப் புதிதாகப் பணம் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. என் சான்றிதழ் 2027-இல் முடிகிறது. மூன்று மாதச் சராசரி சிஓஇ விலையைக் கட்டிப் புதுப்பிக்கலாம். ஆனால் புதுப்பித்தால், காரைப் பதிவு நீக்கும்போது திரும்பக் கிடைக்கும் கழிவுத்தொகையும் போய்விடும், பத்தாண்டைத் தாண்டிய காருக்குச் சாலை வரியில் கூடுதலும் ஏறத் தொடங்கும். நானும் மனைவியும் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் யோசிக்காமல் புதுப்பித்திருப்பேன். ஐந்து பேருக்கு என்றால், மாட்டேன்.

வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. விற்பனையாளர் வழக்கமாக உங்களை மட்டும் ஏற்றிக்கொண்டு, சமதளமான ஒரு வட்டச் சாலையில் பத்து நிமிடம் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். அந்தப் பாதையில் சைக்கிளும் நன்றாகத்தான் ஓடும். வீட்டில் உள்ளவர்கள் எல்லாரையும் அழைத்துக்கொண்டு போங்கள். பகல் பன்னிரண்டு மணிக்குப் போங்கள், குளிரூட்டியைக் கடைசிவரை திருப்பிவையுங்கள். முதலில் ஒரு பலமாடி கார் நிறுத்துமிடத்தின் மேல்தளம் வரை ஏறி, சரிவின் நடுவில் வேண்டுமென்றே ஒரு முறை நின்று கிளம்புங்கள். பிறகு ஏதாவதொரு குட்டையான இணைப்புச்சாலை வழியாக விரைவுச்சாலையில் நுழைந்து அடுத்த வெளிவழியில் இறங்குங்கள். இருபது நிமிடத்துக்குமேல் ஆகாது. பின்னிருக்கையில் இருப்பவர்கள் கைப்பிடியைப் பிடித்தார்களா என்பதைத் திரும்பியதும் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு விலையைப் பேசுங்கள்.